அணியம் பார்த்த திசை

முக்கால் வட்டம் திரும்பியாயிற்று. திரையில் சமிக்ஞையின் பலத்தைக் காட்டும் பச்சைக் கோடு அசையவில்லை.

றெபேக்கா மூச்சைக்கூடப் பாதியாகத்தான் விட்டாள்.

இன்னும் கால் வட்டம் மிச்சம். ஒஸ்லோ பியோர்ட் குடாவின் நடுவில் கப்பல் நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றி முடிக்கும்வரை அந்தக் கோடு விழாமல் இருந்தால் கப்டன் கையெழுத்துப் போடுவார். மாலையே கப்பல் ஹம்மர்பெஸ்டுக்குப் புறப்படும். அவளுடைய ஆறுமாதத் தற்காலிக வேலையும் நிரந்தரமாகும். விழுந்தால் மூன்றும் இல்லை.

கப்பலின் உச்சியில் இருக்கும் அன்ரனாவுக்கு வானத்தில் ஒரேயொரு செயற்கைக்கோள்தான் கணக்கு. கப்பல் எந்தப் பக்கம் திரும்பினாலும் அது அந்தச் செயற்கைக்கோளையே பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். அதற்கு அணியம், அதாவது கப்பலின் மூக்கு, எந்தத் திசையில் நிற்கிறது என்பதை இம்மி பிசகாமல் சொல்லிவைக்க வேண்டும். மூன்று பாகை பிசகினால் போதும், திரும்பும்போது பிடி விட்டுப்போகும்.

போன கிழமை லதீசன் அந்த மூன்று பாகையைத்தான் பிசகவிட்டான். அவளோடு வேலை செய்பவன், பதினைந்து வருட அனுபவக்காரன். திருத்துமிடத்திலிருந்து வந்த இதே கப்பலுக்கு மின்சாரம் கொடுத்த கையோடு திசைகாட்டி சொன்னதை நம்பிக் கணக்கைப் போட்டுவிட்டான். சுழல் திசைகாட்டி வடக்கைத் தேடிப் பிடித்து நிலைகொள்ள நாலு மணித்தியாலமாவது வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. பின்னேரம் அவனுக்கு வேறொரு கப்பல் இருந்தது.

றெபேக்கா இன்று ரொம்சோஸிலிருந்து முதல் ரயிலில் வந்தாள். திசைகாட்டிக்கு மின்சாரத்தைப் போட்டாள். பிறகு நாலரை மணித்தியாலம் ஒன்றுமே செய்யவில்லை. தேநீர் குடித்தாள். மாலுமிகள் சிரித்தார்கள். லதீசன் இரண்டு தரம் மணிக்கூட்டைச் சுட்டிக்காட்டினான். அவள் மூன்றாவது கோப்பையை ஊற்றினாள்.

பிறகுதான் கணக்கைப் போட்டாள். காற்று இல்லாததால் அன்ரனாவின் வெள்ளை மூடியைக் கழற்றியே விட்டிருந்தாள். அது திரும்புவதைக் கண்ணால் பார்த்தால்தான் அவளுக்கு நம்பிக்கை.

வட்டம் முடிந்தது. கோடு விழவில்லை.

யாரோ கைதட்டினார்கள். கப்டன் பேனையை எடுத்தார்.

அப்போது கோடு தளர்ந்தது. மெல்ல இறங்கியது. இன்னும் இறங்கி, அடியில் போய்ப் படுத்துவிட்டது. திரை சிவந்தது.

கப்டன் பேனையைச் சட்டைப்பையில் வைத்தார்.

"நாலு மணித்தியாலம் தேத்தண்ணி குடிச்சதுதான் மிச்சம். விடு பிள்ளை, நான் ஒபிசுக்குச் சொல்லுறன்," என்றான் லதீசன். குரலில் இருந்த சந்தோஷத்தை மறைக்க அவன் பெரிதாகப் பாடுபடவில்லை.

றெபேக்கா திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆறுமாதம் இப்படியா முடியவேண்டும்?

ஆனால் ஒன்று இடித்தது. பிடி விட்டுப்போன அன்ரனா கோட்டைத் தொப்பென்று போட்டுவிடும். இதுவோ படியிறங்குவதுபோல இறங்கியிருக்கிறது.

யன்னலால் வந்த வெயில் கண்ணைக் கூசவைத்தது. பத்து நாள் மழைக்குப் பிறகு இன்றுதான் வெயில்.

"லதீசன் அண்ணை, இண்டைக்கு என்ன திகதி?"

"ஒக்ரோபர் பதினாலு. ஏன், வேலை போன நாளைக் குறிச்சு வைக்கப்போறியோ?"

அலை பாயும்போது தட்டுக்கு முன்னால் நிற்பது ஆபத்து என்பதால் அவள் அலை அனுப்பும் பொறியை நிறுத்தினாள். கப்டனின் கையைப் பிடித்து ஏணிப்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். மரியாதையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். லதீசனும் பின்னால் ஏறினான். என்ன நடக்கிறதென்று விடுப்புப் பார்க்கிற ஆசை யாரை விட்டது?

மேலே அன்ரனா தெற்கு வானத்தைப் பார்த்தபடி நின்றது. அதன் வெள்ளைத் தட்டுக்கு முன்னால் கைமுட்டி அளவில், அலைகளை வாங்கும் ஒரு தலை நீட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தலையின் நிழல் தட்டின் நட்டநடுவில் விழுந்திருந்தது. ஒரு விரல்கூட அந்தப் பக்கம் இந்தப் பக்கம் இல்லை.

வருடத்தில் இரண்டு தரம், பெப்ரவரி கடைசியிலும் ஒக்ரோபர் நடுவிலும் சில நாட்களுக்கு மட்டும், ஒஸ்லோவிலிருந்து பார்த்தால் சூரியன் அந்தச் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். அந்த நாட்களில் ஒரு பத்து நிமிடம் சூரியனின் இரைச்சலில் வேறெதுவும் கேட்காது. வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும் அன்ரனாவுக்கு இந்தத் தொல்லை கிடையாது. மிகச் சரியாகப் பார்க்கும் அன்ரனாவின் கோடுதான் விழும்.

"பாருங்கோ அண்ணை, பாருங்கோ! நேர அதைத்தான் பாக்குது!"

றெபேக்கா தலைகால் தெரியாமல் சிரித்தாள். கண்ணீரும் வந்தது, துடைக்கவில்லை. அதே விஷயத்தைக் கப்டனுக்கு நோர்வே மொழியில் சொல்லத் தொடங்கினாள். பாதியில் வாய் குழறியது.

லதீசன் தட்டைச் சுற்றிவந்தான். குனிந்து பார்த்தான். ஒரு கண்ணை மூடியும் பார்த்தான்.

"ஓம்," என்றான் கடைசியில். "நடுவிலைதான் நிக்குது."

கப்டன் அவள் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கவில்லை. சூரியனைப் பார்த்துக் கப்பலின் இடம் கணிக்கப் பழகிய பழைய ஆள் அவர். கையை நெற்றியில் வைத்து மேலே பார்த்தார். நிழலைப் பார்த்தார். பிறகு படிவத்தை ஏணியின் கைபிடியில் வைத்து, நேரம் எழுதவேண்டிய இடத்தில் 13.54 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கீழே திரை இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது.