முப்பது நாள் கெடு

"டப்பு, நில்லு!"

கேம்ப் ரோடு பேக்கரி வாசலில் பூனையைப் பார்த்துப் பாய்ந்த நாயின் கயிற்றைத் தயாளன் இரு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். பதிலுக்கு இழுக்கவில்லை. கயிறு தளர்ந்த பிறகே அடுத்த அடி வைத்தார். டப்பு காலோடு ஒட்டி வந்ததும் ஒரு பிஸ்கட் கொடுத்தார்.

இன்று கடைசி நாள். 'முப்பது நாளில் உங்கள் நாய் கயிற்றை இழுக்காமல் நடக்கப் பழகாவிட்டால், அதை வெளியேற்ற வேண்டும்' என்று ஃபிளாட் அசோசியேஷன் செக்ரட்டரி ஜலால் நோட்டீஸ் கொடுத்திருந்தார். அன்றிலிருந்து காலையும் மாலையும் டப்புவோடு சேலையூர் முழுக்கச் சுற்றியதில் தயாளனின் செருப்பே தேய்ந்துவிட்டது.

ஃபிளாட் வாசலில் ஜலால் காத்திருந்தார். அவர் பார்க்க, தயாளன் பார்க்கிங்கை மூன்று சுற்று வந்தார். கேட்டுக்கு வெளியே தெருநாய் குரைத்தும் டப்பு திரும்பவில்லை.

"எப்படி பாய்?"

"சூப்பர் சார். ஆனா, இன்னும் ஒரு மாசம் பழக்குங்க."

"என்ன பாய் அநியாயம்! ஒரு தடவையாவது இழுத்துச்சா? இவனை வெளியே விடறதுக்குப் பதிலா நான் வீட்டையே காலி பண்ணிட்டுப் போறேன்!"

ஜலால் பதறிப்போனார். இரண்டாவது மாடியில் தயாளன் வீட்டு பால்கனியை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"காலியெல்லாம் பண்ணிடாதீங்க சார். நாயைப் பத்தி யாரும் கம்ப்ளெய்ன்ட்டே பண்ணலை. நோட்டீஸ் குடுக்கச் சொன்னதே உங்க மிஸஸ்தான். தினமும் நடங்கன்னு டாக்டர் தலைதலையா அடிச்சுக்கிட்டும் நீங்க சோபாவை விட்டு எழுந்திருக்கலையாமே? போன வாரம் டெஸ்ட் பண்ணதுல சுகர் பாதிதான் குறைஞ்சிருக்காம். அதான் இன்னும் ஒரு மாசம்!"