பின்வாசல் பூட்டு

தையல் ஆலையின் பின்வாசல் இன்று மட்டும் திறந்து கிடக்கிறது. கடல் கடந்த கம்பெனியிலிருந்து துரை பார்வையிட வந்திருக்கிறாரே! துணிக் குவியல்மேல் என்றைக்கும் வராத வெயில் விழுகிறது. கழிவறையில் புதுச் சோப்பு மணக்கிறது. எல்லாம் பிரமாதம் என்று தலையாட்டிவிட்டுத் துரை காரில் ஏறுகிறார். அவர் கைகழுவிய ஈரம் காயுமுன் சூப்பர்வைசர் சோப்பை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு பின்வாசலுக்கு ஓடுகிறான். “கதவுப் பூட்டை எவடி எடுத்தா?” தைக்கும் பெண்களின் மெஷின்கள் இரைகின்றன. “போன வருஷம் தீப்பிடிச்சப்ப சாவியையும் இப்படித்தான் தேடினீங்க, சார்,” என்கிறாள், அன்று தங்கையைப் பறிகொடுத்த பேக்கிங் அக்கா. பூட்டு, அட்டைப்பெட்டியில் அவள் மடித்து அடுக்கிய சட்டைகளுக்கு நடுவே கிடக்கிறது. பெட்டியை டேப் இழுத்து மூடி, அதன்மேல் துரையின் தலைமை அலுவலக முகவரியை அறைந்து ஒட்டுகிறாள்.