மரியத்துக்குப் பிடித்த இடம்

“திசையன்விளை மரியம் யாராவது வந்திருந்தா மேடைக்கு வாங்க” என்று ஜெனிஷ் மைக்கில் கூப்பிட்டதும், சுப்புராஜ் பேஸ் கிட்டாரின் முறுக்காணியைத் திருகுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டான்.

ராயபுரத்துக் கல்யாண மண்டபத்தின் மாடி அறை. அறுபது நாற்காலி, முப்பது ஆள். முன்வரிசையில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு, அதன்மேல் ‘மூணாவது ஷிப்ட்’ ராக் குழுவின் கடைசி ஆல்பத்தை வைத்திருந்தார்கள். உறையின் பின்பக்கம் முதல் வரியே, ‘எங்களை விடாமல் கேட்ட மரியத்துக்கு.’

இதுதான் குழுவின் கடைசிக் கச்சேரி. அடுத்த மாதம், பாடுகிற ஜெனிஷ் மஸ்கட் போகிறான். சுப்புராஜ் மாமாவின் மொத்த வியாபாரக் கடையைப் பார்த்துக்கொள்ளப் போகிறான்.

டிரம்ஸ் வாசிக்கிற பீம்ராவ் எங்கும் போகவில்லை. கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் தினக்கூலிக்கு மூட்டை இறக்குகிறான். இனியும் அதேதான்.

அப்படி ஆகியிருக்க வேண்டியதில்லை.

நான்கு வருஷத்துக்கு முன் அவர்கள் போட்ட முதல் கேசட்டை ஓர் ஈ காக்கைகூடச் சீண்டவில்லை. அந்தச் சமயம் பார்த்து, எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பீம்ராவுக்கு நிரந்தர வேலைக்கு உத்தரவு வந்தது. அவன் போனால் குழு அத்தோடு சரி.

சுப்புராஜ் ஓர் இன்லண்டு லெட்டர் வாங்கினான்.

பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்தபடி வலது மூலையில் ஊர், தேதி. கையெழுத்து தெரிந்துவிடாமலிருக்க இடது கை. எண் போட்டு மூன்று விஷயம் எழுதினான். அதில் இரண்டாவது: ‘மூன்றாம் பாட்டு முடிகிறபோது டிரம்ஸ் நின்றுபோய், பேஸ் கிட்டார் மட்டும் தனியாகப் போகும் இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.’

இப்படிக்கு மரியம்.

ஊருக்குப் போகிற வழியில் திசையன்விளையில் பஸ்ஸைவிட்டு இறங்கி, தபால் முத்திரைகூடப் பிசகாமல் அங்கேயே பெட்டியில் போட்டான்.

பீம்ராவ் அதை இரண்டு தரம் படித்தான். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வேலை உத்தரவை எடுத்து நாலாகக் கிழித்தான்.

“ஒருத்தி கேட்டுகினு கீறா மாமு. அது போதும்.”

அதற்குப் பிறகு மரியம் ஆறு கடிதம் எழுதினாள்.

பீம்ராவ் ஒவ்வொன்றையும் உரக்கப் படித்துக் காட்டுவான். சுப்புராஜ் ஏதாவது ஒயரைச் சுற்றிக்கொண்டிருப்பான். உண்மையைச் சொல்லிவிடுவது என்று கிளம்பிப் போய், டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தது எத்தனையோ முறை.

காலி நாற்காலியைத் தேடி யாரும் வரவில்லை.

கடைசிப் பாட்டை ஆரம்பித்தார்கள். முதல் கேசட்டின் அதே மூன்றாம் பாட்டு. கடைசி ஆல்பத்தில் இதை மறுபடி பதிவு செய்தே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் பீம்ராவ். பழைய கேசட்டை சுப்புராஜ் ஒருநாளும் போட்டுக் கேட்டதில்லை. தன் வாசிப்பைத் தானே கேட்க அவனுக்குக் கூச்சம்.

பாட்டு முடிகிற இடம் வந்தது. பீம்ராவ் குச்சிகளை நிறுத்தினான். முன்னால் சாய்ந்து, சுப்புராஜின் காதுக்கு மட்டும் சொன்னான்.

“அந்தக் கேசட்டுல இந்த எடம் கெடையாது மாமு. டேப்பு பத்தலன்னு வெட்டிட்டாங்க. நீ ஊருக்குப் போயிருந்த. நான்தான் ஸ்டுடியோவுல குந்திகினு இருந்தேன்.”

முதல் கடிதம். எண் இரண்டு.

அதைப் படித்த பிறகுதான் அவன் உத்தரவைக் கிழித்தான்.

“இப்பயாவது கேக்கட்டும் அந்தப் பொண்ணு. நீ வாசி.”

மண்டபத்தில் பேஸ் கிட்டார் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. விரல்கள் ஓர் இடத்திலும் பிசகவில்லை. தலையைத் தூக்கத்தான் சுப்புராஜால் முடியவில்லை.