மறுபடி பேசிய செயற்கைக்கோள்

செத்துப்போனதாகக் கைவிட்ட செயற்கைக்கோள் ஒன்று, பல வருடங்கள் கழித்து ஒரு மதியம் திடீரென்று பேசியது. ஏவிய நாள்முதல் அதைக் கவனித்துவந்த பொறியாளர் மங்கையர்க்கரசி, கட்டுப்பாட்டு அறையில் ஹெட்போனை அழுத்திக்கொண்டு கேட்டாள். அதே பழைய பீப் ஒலிதான், நடுநடுவே தடுமாறியது.

“புது செயற்கைக்கோளோட சிக்னல்ல குறுக்கிடுது. நிரந்தரமா அணைச்சிடுங்க,” என்றார் பின்னால் நின்ற மைய இயக்குநர்.

“சார், என்ன சொல்லுதுன்னு இன்னும் ஒரு சுத்து கேட்டுட்டு...”

“வெயில் பட்டு பேட்டரிக்கு உயிர் வந்திருக்கும்மா. சொல்றதுக்கு அதுகிட்ட ஒண்ணுமில்ல.”

அவளால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. நின்றபடியே அணைக்கும் கட்டளையை அனுப்பினாள்.

அடுத்த சுற்றில் அது அடிவானத்தில் ஏறியபோது வெறும் இரைச்சல்தான் வந்தது. அறையில் எல்லோரும் கைதட்டினார்கள். அவள் மட்டும், அது மறுபக்கம் இறங்கும்வரை, ஆன்டெனாவை அதன் பின்னாலேயே திருப்பிக்கொண்டிருந்தாள்.