வீட்டுப் பாகு

"மரத்தை வெட்டிட்டு பங்களா கட்டுறவங்களுக்கு என் மேப்பிள் தோப்பு கிடையாது" என்று வந்தவர்களை எல்லாம் விரட்டிய ஃபெர்னான், தோப்பை விலைக்குக் கேட்டு மாண்ட்ரியலிலிருந்து ஹை ஹீல்ஸில் வந்து நின்ற ஓடெட்டைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"முதல்ல இதை ருசி பாரும்மா."

மேப்பிள் மரத்துச் சாற்றைக் காய்ச்சி எடுத்த பருவத்தின் முதல் பாகு, பொன்னாக மின்னியது. அவள் ஒரு வாய் ருசித்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இது விக்கிறதுக்கு. நீங்க வீட்ல சாப்பிடுறது எங்கே ஐயா?"

ஃபெர்னான் திடுக்கிட்டார். எந்தக் கடைக்காரரும் சீந்தாத, பருவக் கடைசியில் காய்ச்சிய கறுப்புப் பாகை அடுக்களையிலிருந்து எடுத்து வந்தார். ஓடெட் விரலை விட்டு நக்கினாள்.

"எங்கப்பாவும் பாகு காய்ச்சி, நல்லதையெல்லாம் சந்தைக்கு அனுப்பிடுவார். பிள்ளைங்க நாங்க இதுக்குத்தான் அடிச்சுக்குவோம்."

டப்பா வேகமாகக் காலியானது.

"எனக்கும் கொஞ்சம் மிச்சம் வை தாயி" என்றார் ஃபெர்னான். "இனிமே நீ காய்ச்சிக் குடுத்தாத்தானே எனக்கு!"