டோரீன் டீச்சரின் சாட்சி

கர்த்தர் செய்த நன்மைக்குச் சாட்சி சொல்ல யாருக்காவது விருப்பம் உண்டா என்று போதகர் டேனியல் கேட்டு வாயை மூடுவதற்குள் டோரீன் டீச்சர் எழுந்து நின்றுவிட்டார்.

சபையே திரும்பிப் பார்த்தது. புனே பக்கத்துப் பிம்ப்ரியில் இந்தத் தமிழ்ச் சபை தொடங்கிய நாளிலிருந்து டீச்சர் வருகிறார். ஒரு நாளும் சாட்சி என்று வாயைத் திறந்ததில்லை.

மைக்கைக் கொண்டுவந்து நீட்டினார்கள். மூன்றாம் வகுப்புக்குக் காலமெல்லாம் பாடம் எடுத்த தொண்டைக்கு மைக் எதற்கு? ஆனாலும் வாங்கிக்கொண்டார், வாசல் ஸ்பீக்கரில் வெளியேயும் கேட்கும் என்று.

வெளியே, நடைபாதை தொடங்கும் முனையில், அவருடைய கணவர் ஜேசுராஜ் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கவாதம் வந்த பிறகு அந்த நாற்காலிதான் அவருக்குக் கால். துணைக்கு ஆட்டோக்காரரை நிறுத்திவிட்டு டீச்சர் மட்டும் உள்ளே வந்திருந்தார்.

நாற்காலி ஏறுவதற்கான சரிவு அந்த முனையில் மட்டும்தான் உண்டு. ஏறினால் நேராக ஆலய வாசல். ஏறலாம், போகத்தான் முடியாது. நடைபாதை முழுக்கக் கார்கள்.

ரோட்டில் இறக்கித் தள்ளலாம் என்றால் பஸ் முதுகிலேயே வந்து நின்று ஹாரன் அடிக்கிறது. ஒரு முறை தள்ளிப் பார்த்ததில் இருவருக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

கார்கள் வேறு யாருடையவையும் அல்ல, சபையாருடையவைதான். பாதிப் பேர் சாகண் கம்பெனிகளில் கார் செய்கிறவர்கள். வாரம் முழுக்கச் செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை அதை எங்கேயாவது நிறுத்த வேண்டாமா?

போதகரிடமும் டீச்சர் சொல்லிப் பார்த்தார். "ஜெபிப்போம் டீச்சர்" என்றார் அவர்.

மூன்று வாரமாக ஜேசுராஜ் அந்த முனைவரை வந்து, கார்களைப் பார்த்துவிட்டு, நீ போ என்று மனைவியை அனுப்பிவிட்டு, அதே ஆட்டோவில் சாங்வியிலுள்ள வீட்டுக்குத் திரும்பினார். இன்றைக்குக் கிளம்பும்போதே சொல்லிவிட்டார், இன்றும் திரும்பி வரும்படி ஆனால் இனிமேல் தன்னைக் கூப்பிட வேண்டாம் என்று. சொன்னால் சொன்னதுதான், அந்த மனிதர். டீச்சர் மைக்கை வாங்கியது அதனால்தான்.

"அருமையான சபையாரே, நம்ம வாசல்ல ஃபுட்பாத் மேல கார் நிறுத்துற சகோதரருக்காக நான் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறேன்."

பழக்கதோஷத்தில் இரண்டு பேர் ஆமென் சொல்லிவிட்டார்கள்.

அந்தச் சகோதரரால் தன் ஜெப வாழ்க்கை வளர்ந்த விதத்தை டீச்சர் விவரித்தார். காருக்கும் மதில் சுவருக்கும் நடுவே நண்டு மாதிரி நடக்கும்போது ஒரு ஜெபம். சேலை கார்க் கண்ணாடியில் மாட்டிக்கொள்ளும்போது ஒரு ஜெபம். வழியே இல்லாமல் ரோட்டில் இறங்கி, பின்னால் பஸ் வரும்போது, இயேசுவே என்று ஒரே சொல். வாலிப வயதில்கூடத் தான் இத்தனை ஊக்கமாக ஜெபித்ததில்லை என்றார்.

பெண்கள் பக்கம் முந்தானைகள் வாய்க்குப் போயின. ஆண்கள் பக்கம் எல்லோரும் மேலே சுற்றும் ஃபேனை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

ஜேசுராஜ் இந்த நிமிஷம் முனையில் வெயிலில் உட்கார்ந்திருப்பதைச் சொல்லும்போது மட்டும் டீச்சரின் குரல் உடைந்துவிட்டது. அது அவர் திட்டத்தில் இல்லாதது. எரிச்சலோடு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

பிறகு கைப்பையைத் திறந்து, மூக்குக் கண்ணாடியை எடுத்து, நிதானமாக மாட்டிக்கொண்டார்.

"அது யாருன்னு கர்த்தருக்குத் தெரியும். வண்டி நம்பரைச் சொல்லியே ஸ்தோத்திரம் பண்ணிரட்டுமா ஐயா?"



மூன்றாவது வரிசையில் ஒருவர் எழுந்தார். ஃபோன் வந்தவரைப் போலக் காதில் கையை வைத்துக்கொண்டு வெளியே நடந்தார். பின்வரிசையில் அண்ணன் தம்பி இருவர், ஒருவரை ஒருவர் பார்க்காமல் எழுந்தார்கள். பாட்டுக்குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் கிரேக் கையில் குச்சிகளோடேயே போனான். அதற்கப்புறம் பெஞ்சுகள் நகரும் சத்தம்தான்.

மனம் திரும்புகிறவர்கள் எழுந்து வாருங்கள் என்று போதகர் எத்தனையோ ஞாயிறு கை நீட்டிக் கூப்பிட்டிருக்கிறார். ஓர் ஆள் அசைந்ததில்லை. இன்றைக்குப் பிரசங்கம் தொடங்கும் முன்பே ஆண்கள் பக்கம் பாதி காலி.

ஆனால் போதகர் பூரித்துப் போனதாகத் தெரியவில்லை. மெல்ல இறங்கி வந்தார். மைக்கை ஒரு கையால் பொத்திக்கொண்டு டீச்சரின் காதருகே குனிந்தார்.

"டீச்சர், நம்பர் மட்டும் சொல்லிராதீங்க. நானே போய் எடுத்திருதேன்."

வெள்ளை அங்கியை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவரும் போனார்.

நடத்த ஆளில்லாத ஆராதனையைப் பெண்கள் கையில் எடுத்து ஒரு பாட்டைத் தொடங்கினார்கள். அது பாதி போவதற்குள் வாசலில் சக்கரம் உருண்டது. ஆட்டோக்காரர் தள்ளிக்கொண்டு வர, ஜேசுராஜ் நேராக, ஓர் இடத்திலும் நிற்காமல் உள்ளே வந்தார்.

டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. வேகமாகப் போய் நாற்காலியைத் தன் பெஞ்சுக்குப் பக்கத்தில் இழுத்து நிறுத்தினார்.

ஜேசுராஜ் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கிக்கொண்டிருந்தார். "டோரீன், பாஸ்டர் அங்கியோட ஓடி வந்து வண்டி எடுக்காரு. எது யார் வண்டின்னு உனக்கு எப்படித் தெரியும்?"

டீச்சர் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து அவர் மடியில் வைத்தார்.

"தெரியாது," என்றார். "இப்பத்தான் தெரிஞ்சுது."