நடுவில் விட்ட இடம்

நூலகத்தில் இருந்த சமஸ்கிருத அகராதி, எல்லா அகராதிகளுக்கும் தான்தான் தாய் என்று நெடுநாளாக நம்பிக்கொண்டிருந்தது. பக்கத்தில் புதிதாக வந்து சேர்ந்த லத்தீன் அகராதியிடம், "நெருப்பை எப்படிச் சொல்வாய், மகளே?" என்று கேட்டது.

"இக்னிஸ்."

"பார்த்தாயா, என் அக்னியேதான்!"

"எங்கள் வீட்டில் உக்னிஸ்," என்றது மூலையில் இருந்த ஒல்லியான லிதுவேனிய அகராதி. "அது சரி அக்கா, எங்களைப் பெற்ற நினைவு உனக்கு இருக்கிறதா?"

சமஸ்கிருதம் தன் பக்கங்களையெல்லாம் புரட்டித் தேடியது. பெற்ற நினைவு இல்லை. யாரோ அடுப்பைக் காட்டி, "தொடாதே, சுடும்" என்று சொன்ன நினைவுதான் இருந்தது.

"எனக்கும் அதேதான்," என்றது லத்தீன்.

"அப்படியானால் அம்மாவின் புத்தகம் எங்கே?" என்று கேட்டது சமஸ்கிருதம்.

"அவள் காலத்தில் எழுத்தே கிடையாதே, அக்கா," என்றது லிதுவேனிய அகராதி.

சமஸ்கிருதம் மெல்ல நகர்ந்து, நடுவில் ஒரு புத்தகத்துக்கு இடம் விட்டது.